தலையெழுத்தும் கையெழுத்தும்

சென்ற ஆனி மாதத்தில் நமது நெடுநாளைய சிநேகிதர் ஒருவருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடந்தது. கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் மிராசுதார் அவர். பெயரைப் பத்திரிகையில் போட்டால் கோபித்துக்கொள்வார். ஆகையால் 'பெரியவர்' என்றே குறிப்பிடுவோம். கல்யாணத்துக்கு அழைத்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிடலாம். எண்பது வயது நிறைந்த மனிதர், "ஆயிரம் பிறை கண்டுவிட்டேன், வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிடும்போது போகாமல் இருக்க முடியுமா? போனோம்.

திருக்கடையூருக்குப் போகாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த ஊரில் கல்யாண சீசன் என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுவதும் அறுபது வயது மாப்பிள்ளைகளும் எண்பது வயது மாப்பிள்ளைகளும் மாலையும் கழுத்துமாகக் கோயிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கலசத் தண்ணீரை அவர்கள் தலையில் கொட்டிக்கொண்டிருப்பார்கள். காரணம் யாவரும் அறிந்த கதைதான். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயதுதான் ஆயுள் என்று விதித்திருந்தது. நாள் முடிந்ததும் யமன் வந்து பாசக் கயிற்றை வீசினான். பிள்ளையோ சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு, விடமாட்டேன் என்றான். சுவாமி லிங்கத்திலிருந்து வெளிப்பட்டு யமனைக் காலால் உதைத்தார். விதித்தது விதித்ததுதான், அணுவளவும் மாறாது என்பது நம் முன்னோர்களின் முடிவான அபிப்பிராயமாயிருந்தால் இந்த க்ஷேத்திரம் ஏற்பட்டே இருக்காது அல்லவா? இப்படி நமக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆனால் அந்தச் சமயத்தில் இலை போட்டுவிட்டபடியால் யோசனையை ஒத்திப் போட்டோம்.

மறுநாள் காலையில் பெரியவரின் பந்துக்கள் சிலர், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வைத்தீசுவரன் கோயிலுக்கும் போய் நாடி பார்த்துவிட்டுப் போகலாம்" என்று கிளப்பிவிட்டார்கள். பெரியவர், அவருடைய பேத்தி, நாம் ஆக மூவரும் ஒரு மோட்டாரில் ஏறிக்கொண்டோம். பேத்தி திருச்சியில் காலேஜில் பௌதிக சாஸ்திரம் படிக்கிறாள். தாத்தாவை எதிர்த்துப் பேச வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் லைசென்ஸ் உண்டு. வழியில் பூம்புகாருக்குப் பிரியும் சாலையைக் காட்டும் பலகை ஒன்று தென்பட்டது. "கோவலனும் கண்ணகியும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின ஊர்" என்றார் பெரியவர். அந்தப் பலகைக்கு இந்தக் கட்டுரையில் பிறகு வேலை இருக்கிறது.

வைத்தீசுவரன் கோயிலில் சுவாமியே வைத்தியர். தீராத நோயைத் தீர்ப்பவர் என்று பிரசித்தி பெற்றவர். மருந்துருண்டையைப் பிரசாதமாகக் கொடுக்கிற கோயில் அது. அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலேதான், 'உன் வாழ்க்கை முழுவதும் எப்போதோ எழுதியாயிற்று' என்று சொல்லும் நாடி ஜோதிடர்களின் பலகைகள் வீட்டுக்கு வீடு தொங்குகின்றன. அகஸ்தியர் முதலான மகரிஷிகள் பிறக்கப்போகிற ஜனங்களுக்கெல்லாம் ஏடு எழுதி வைத்திருக்கிறார்களாம். ஆணானால் வலது கட்டைவிரல், பெண்ணானால் இடது கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஏட்டுக்கட்டைத் தேடி எடுத்து வருகிறார்கள். பிறகு ஒவ்வொரு ஏடாகப் புரட்டிக் கேள்வி. "தகப்பனார் பெயர் நான்கெழுத்தா?" இல்லை. "உடன் பிறந்தவர்கள் மூவரா?" ஆமாம். "மூத்தவர் காலமாகிவிட்டாரா?" இல்லை. ஏடு தள்ளுபடி, அடுத்த ஏடு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஏடுகள் கழிந்த பிறகு அசல் ஏடு அகப்பட்டது. அதில் தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் கனகச்சிதம். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஏடுகளுக்கும் பதில் சொன்ன வாயிலாகத்தான் அவ்வளவும் வெளியே போயிருந்தன என்பதைப் பேத்தி ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டிருந்தாள்! பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிரக் கோபித்துக்கொள்ளவில்லை.

நாடியில் காண்டங்கள் உண்டு. முதல் காண்டம் பொதுப் பலன். கல்யாணத்துக்கு ஒரு காண்டம், தொழிலுக்கு ஒரு காண்டம், எட்டாவது காண்டம் ஆயுள். "எட்டாவதைப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது பெரியவர், "வேண்டாம், வேண்டாம். நேற்றுத்தான் ஆயுள் விருத்திக்காக ஏகப்பட்ட செலவு செய்திருக்கிறேன். அதற்குள் கணக்குப் பார்ப்பானேன்?" என்று மறுத்துவிட்டார். ஆனால் நமக்கு ஆச்சரியம் அளித்தது பதின்மூன்றாவது காண்டம். அதன் பெயர் சாந்தி காண்டம். பூர்வ ஜன்மத்துப் பாவம் இன்னது, அதற்குப் பரிகாரம் இன்னது என்று சொல்வது. எழுதினது மாறாது என்றால் பரிகாரம் எதற்கு? மாறும் என்றால் முதல் பன்னிரண்டு காண்டங்கள் எதற்கு? விதியை நம்புகிறவர்களில் பரம நம்பிக்கைக்காரர்கூட அதற்கு ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்.

மோட்டார் மாயவரத்தைத் தாண்டியதும் பேத்தி இதையே கேட்டாள். பெரியவர் பத்தாயத்தைக் கொண்டு பதில் சொன்னார். "கேள் அம்மா. வீட்டிலே பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது. அது பல வருஷத்து அறுவடை. அதற்குச் சஞ்சித கர்மம் என்று பெயர். அதிலிருந்து குத்தி எடுத்து இன்றைக்கு உலையில் போட்டாயே, அந்த அரிசி பிராரப்தம். உலையில் போட்டது போட்டதுதான். அது கார் அரிசியானால் கார் அரிசிச் சோறுதான் தின்றாக வேண்டும். ஆனால் நாற்றங்காலில் இனிமேல் தெளிக்கப்போகிற விதை இருக்கிறதே, அது ஆகாமியம். என்ன விதை, எப்போது தெளிப்பது என்பது உன் கையில். நம் பெரியவர்கள் மூன்றையும்தான் சொன்னார்கள். நாம் சௌகரியத்துக்காக நடுவில் உள்ளதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'எல்லாம் பிராரப்தம்' என்று திண்ணையில் சாய்ந்துவிட்டோம்."

வள்ளுவரும் இப்படித்தான். அறத்துப்பாலின் கடைசியில் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்து அதன் வலிமையை வானளாவப் பேசினார். பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் கொடுத்து, சோராமல் உழைக்கிறவனிடம் அந்த ஊழே தோற்றுப் போகும் என்றார். இரண்டில் எது அவருடைய சொந்த அபிப்பிராயம் என்று வித்துவான்கள் சர்ச்சை செய்யட்டும். இரண்டும் அவருடையவை என்பதே நம் எண்ணம்.

பேத்திக்குப் பத்தாயம் பிடித்திருந்தது. ஆனால் அவளுடைய சாஸ்திரத்திலும் ஒரு நாடி ஏடு இருக்கிறதாம்! 1814-ல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை சொன்னார்: ஒரு க்ஷணத்தில் உலகத்திலுள்ள ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது, எப்படி ஓடுகிறது, அதன்மீது என்னென்ன சக்திகள் வேலை செய்கின்றன என்பதையெல்லாம் அறிந்து கணக்குப் போடவல்ல பேரறிவு ஒன்று இருக்குமானால், சென்ற காலத்தைப் போலவே வருங்காலமும் அதன் கண்ணெதிரில் விரிந்திருக்கும் என்று. வைத்தீசுவரன் கோயிலில் கட்டைவிரல் ரேகை கேட்கிறார்கள். லாப்லாஸ் அணுக்களின் ஜாபிதா கேட்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த ஏட்டிலும் பிறகு கரையான் அரித்துவிட்டது. 1927-ல் ஹைசன்பர்க் என்ற ஜெர்மானியர், அணுவுக்கும் சிறிய வஸ்துவின் இடத்தையும் ஓட்டத்தையும் ஒருங்கே பூரணத் துல்லியமாக அறிய இயலாது என்று நிலைநாட்டினார். உடனே சிலர், 'பார்த்தீர்களா, மனிதனுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது!' என்று கொடி ஏற்றினார்கள். பெரியவர் இந்த இடத்தில் நன்றாக மடக்கினார். "இதுவரையில் கயிறு கட்டி என் கையை ஆட்டினார்கள், இனிமேல் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்டப் போகிறார்கள். இதில் எனக்கு என்ன சுதந்திரம்?" பேத்தியும் ஒப்புக்கொண்டாள்.

இன்னொரு கரையான் டெல்டாக்காரர்களுக்கு நெருங்கிய சம்பந்தம் உள்ளது. 1961-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் என்னும் வானிலை ஆராய்ச்சியாளர் கணக்கு யந்திரத்தில் ஒரு கற்பனை வானிலையை ஓடவிட்டிருந்தார். பாதிக் கணக்கைத் திரும்பப் போடுவதற்காக 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்துவிட்டுக் காபி சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் புதிய வானிலைக்கும் பழைய வானிலைக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை! விதிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆரம்பத்தில் ஒரு துளி வித்தியாசம், அவ்வளவுதான். 1963-ல் இதை அவர் பிரசுரித்தார். ஒன்று விதிப்படியே நடக்கலாம். ஆனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாமற் போகலாம். தஞ்சாவூர் விவசாயிக்கு இதை எந்தக் காலேஜிலும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பருவமழைக்கு ஜாதகம் கணிப்பதற்கென்று 1904-ல் இந்தியாவுக்கு வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கேம்பிரிட்ஜ் கணித நிபுணர் இருபது வருஷம் பாடுபட்டுப் பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து மகா சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றமரம்போல் ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைய பருவமழை முன்னறிவிப்புக்கள் பலவும் அந்த வழியில் வந்தவையே. ஆனாலும் குடகு மலையில் இந்த ஆடியில் எவ்வளவு பெய்யும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்க மாட்டார்கள். அதனால் நம்மவர்கள் சும்மாவா இருந்தார்கள்? கரிகாலன் காலத்திலிருந்து கல்லணை நிற்கிறது. 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கி 1934-ல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். மழையை நம் இஷ்டப்படி பெய்விக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டவர்கள்தாம் அணையைக் கட்டினார்கள்.

வழியில் ஒரு காபிக் கடையில் நிறுத்தினோம். பெரியவர் டவராவிலிருந்து டம்ளரை எடுக்கும்போது பேத்தி, "தாத்தா, எடுக்கலாம் என்று நீங்கள் நினைப்பதற்கு முன்னாலேயே உங்கள் மூளை எடுக்கத் தீர்மானித்தாயிற்று" என்றாள். இது வேடிக்கைப் பேச்சல்ல. 1983-ல் கலிபோர்னியாவில் பெஞ்சமின் லிபெட் என்பவர் வெளியிட்ட பரிசோதனை. இஷ்டப்பட்டபோது மணிக்கட்டை அசைக்கும்படி சிலரிடம் சொல்லி, அவர்கள் தலையில் மின்கம்பி பொருத்தி, ஒரு கடிகாரத்தையும் எதிரே வைத்தார். கை அசைவதற்குச் சுமார் அரை விநாடி முன்பே மூளையில் மின்சாரக் கிளர்ச்சி தொடங்கிவிட்டது. 'அசைக்க வேண்டும்' என்ற எண்ணம் உதித்ததாக அவர்கள் சொன்ன நேரமோ அசைவுக்குச் சுமார் கால் விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான்! மந்திரி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே குமாஸ்தா உத்தரவை அனுப்பிவிட்ட மாதிரி. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் காபிக்குக் காசை என் மூளையிடமே வாங்கிக்கொள்ளச் சொல்" என்றார்.

ஆனால் லிபெட் இன்னொன்றும் சொன்னார். எண்ணம் உதித்ததற்கும் கை அசைவதற்கும் நடுவே உள்ள அந்தச் சிறிய இடைவெளியில், 'வேண்டாம்' என்று நிறுத்திவிட மனிதனால் முடியும். 2012-ல் ஷூர்கர் முதலானோர், அந்த மின்கிளர்ச்சி தீர்மானமே அல்ல, மூளையில் எப்போதும் எழுந்து அடங்கும் அலைதான் என்று வேறு வியாக்கியானம் செய்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. நமக்கென்னவோ அந்த இடைவெளி என்ற பேச்சு மனத்தில் ஒட்டிக்கொண்டது. கும்பகோணத்துக்குள் நுழையும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜனுடைய வீட்டை நினைவாலயமாக வைத்திருக்கிறார்கள். பேத்தி அதைப் பார்க்க வேண்டும் என்றாள். சிறிய ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல். விதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உட்கார்ந்து பேச அதைவிடப் பொருத்தமான திண்ணை கிடையாது. கும்பகோணம் காலேஜில் கணிதம் தவிர மற்றவற்றில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னையில் எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். ஜாதகப்படி இவ்வளவுதான் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கேம்பிரிட்ஜ் பண்டிதர்கள் இருவருக்குத் தம் கணக்குகளை அனுப்பினார், பிரயோஜனமில்லை. 1913 ஜனவரி 16-ல் மூன்றாவதாக ஹார்டி என்பவருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டார். இரண்டு கடிதங்கள் வீணான பிறகு மூன்றாவதற்கு ஸ்டாம்பு ஒட்டுவது இருக்கிறதே, அந்த இடம்தான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த மாதம் துறைமுகத்துக்கு வந்திருந்த ஒருவர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சர்வகலாசாலைக்குச் சிபாரிசு எழுதினார். அவர் யார் தெரியுமா? மழைக்கு ஜாதகம் பார்த்த அதே கில்பர்ட் வாக்கர்!

ஆனால் கதையின் பிற்பகுதி மனத்தை வருத்துவது. 35 வயதுக்கு மேல் தாம் இருக்கப் போவதில்லை என்று ராமானுஜன் சொல்லிக்கொண்டிருந்ததாக அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். சீமையில் நோய்வாய்ப்பட்டு, திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. 'கிரகம் சொன்னபடியே நடந்துவிட்டது' என்று யாரும் சொல்லலாம். க்ஷயரோகம் என்றே அப்போது பெரும்பாலும் எண்ணினார்கள். 1994-ல் யங் என்ற ஆராய்ச்சியாளர் நோய்க் குறிப்புக்களையெல்லாம் பரிசீலித்து வேறு முடிவுக்கு வந்தார். 1906-ல் ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி கண்டதல்லவா? அந்த அமீபாக் கிருமி பல வருஷம் பதுங்கியிருந்து ஈரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது. 1912-ல் கல்கத்தாவிலே ராஜர்ஸ் என்ற டாக்டர் எமிடின் ஊசி போட்டுக் குணப்படுத்தியிருக்கிறார். யங் சொல்வது சரியானால், கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை. பேத்தி ஜன்னலண்டை வெகு நேரம் நின்றாள்.

அங்கிருந்து புறப்பட்ட மோட்டார் காசிராமன் தெரு வழியாகச் சென்றது. வண்டியில் பேச்சு நின்றுபோயிற்று. 2004 ஜூலை 16-ல் அந்தத் தெருப் பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். மத்தியானச் சாப்பாடு சமைத்த கொட்டகையில் பற்றிய தீ, மாடியில் கீற்றுக் கூரை வேய்ந்த வகுப்புக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள். இறங்கி ஓடுவதற்குக் குறுகலான மாடிப்படி. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் பெற்றோர்கள் படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள்.

"அன்றைக்கு நான் இந்தத் தெருவுக்கு வந்தேன்" என்றார் பெரியவர். "பெற்றவர்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர், 'விதி' என்றார். நானும், 'ஆமாம், விதி' என்றேன்."

பேத்தி அந்தத் தீக்குப் பிற்பாடு பிறந்தவள். "ஏன் தாத்தா, இறங்க வேறு வழியே கிடையாதா?" என்று மட்டும் கேட்டாள். பெரியவர் பதில் சொல்லவில்லை.

நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்று சர்க்கார் உத்தரவு பிறந்தது. 2014-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்ததும் சிலர் விடுதலையானதும் பின்கதை. நாம் கவனிக்க வேண்டியது இது: உத்தரவுக்கு முந்திய நாள் வரையில் விதியாயிருந்த கீற்றுக் கூரை, மறு நாள் பிரித்துப் போடக்கூடிய வஸ்துவாகிவிட்டது!

அதே வருஷம் டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்துக் கடற்கரையைக் கடல் கொண்டது. அந்த ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதையும் விதி என்றோம். பூகம்பத்தை யார் தடுக்க முடியும்? வாஸ்தவம். ஆனால் சுமத்திரா அருகே பூமி பிளந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை நம் கரைக்கு வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம். பசிபிக் சமுத்திரத்தில் அலை எச்சரிக்கை நிலையம் 1949 முதல் இருக்கிறது. இந்து மகா சமுத்திரத்தில் அன்று ஒன்றும் கிடையாது. ஹைதராபாத்தில் நம் தேசத்து நிலையம் ஏற்பட்டது 2007-ல். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவர் கிராமத்துக்கு மட்டும் அன்று காலை சிங்கப்பூரிலிருந்து டெலிபோன் வந்தது. அங்கே வேலை பார்த்த அவ்வூர்ப் பிள்ளை ஒருவன் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் பேசினான். கடல் நிலவரம் அறிவிப்பதற்காக எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். (சுவாமிநாதனும் கும்பகோணத்தில் பிறந்தவரே.) அதில் கூவினார்கள், ஊர் தப்பியது. அலை விதியாயிருக்கலாம். அந்த இரண்டு மணி நேரம் யாருடையது?

இப்போது பூம்புகார்ப் பலகைக்கு வருவோம். சிலப்பதிகாரத்தைவிட உரக்க ஊழ்வினையைப் பேசிய நூல் தமிழில் இல்லை. ஊழ்வினை தொடர்ந்து வந்து பலன் கொடுக்கும் என்பது அந்நூல் காட்ட வந்த மூன்று உண்மைகளில் ஒன்று. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயருடன் இருந்தபோது சங்கமன் என்ற குற்றமற்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான்; அதன் பலனே மதுரையில் வந்து சேர்ந்தது என்று மதுரைத் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. ஆனால் எப்போது சொல்கிறது? எல்லாம் முடிந்த பிறகு! அதற்கு முன்பே கண்ணகி ஒற்றைச் சிலம்புடன் அரண்மனைக்குப் போய், வழக்குரைத்து, சிலம்பை உடைத்துக் காட்டிவிட்டாள். பாண்டியனும், 'அவன் விதி, நான் என்ன செய்வேன்?' என்று சொல்லவில்லை. விசாரியாமல் தீர்ப்புச் செய்த குற்றம் தன்னுடையது என்று ஏற்று அங்கேயே உயிர் விட்டான். விசாரணை முதலில், ஊழ்வினை பிறகு. இந்த வரிசையை இளங்கோவடிகள் காரணமில்லாமலா வைத்திருப்பார்? ஆறுதலாகச் சொல்லவேண்டிய ஒன்றை அவர் சாக்காகச் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளட்டும். அதைப் பறிக்க நாம் யார்? மாடிப்படி கட்டினவர் அதைச் சொல்லக் கூடாது.

இதை நாம் சொன்னபோது பெரியவர் வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுவை நாற்று நட்டிருந்தார்கள்.

"பத்திரிகைக்காரரே, நான் ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளும்" என்றார். "என் தகப்பனார் நல்லவர், தினம் சிவபூஜை செய்வார். வாசலில் பண்ணையாட்களுக்குக் கூலி நெல் மரக்காலில் அளப்பார்கள். அது போதுமா என்று ஒரு நாள் நான் கேட்டேன்; சிறு பிள்ளை. 'அவர்கள் தலையெழுத்து அப்பா, அது பிரம்மா எழுதினது' என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். 1952-ல் ராஜாஜி மந்திரிசபை அவசரச் சட்டம் போட்டது. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது, கூலி இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று. பிரம்மா எழுதினது என்று மூன்று தலைமுறையாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, கோட்டையிலே ஒரு கையெழுத்தில் மாறிப் போயிற்று. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. நஷ்டத்துக்காக என்று அப்போது நினைத்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை."

சட்டம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் அவரே சொன்னார். பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25-ல், கூலித் தகராறு முற்றிக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். "எங்கள் ஜில்லாவில் நடந்தது" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று டெலிபோனை எடுத்தார். கிராமத்தில் அவருக்கு ஒரு சிறிய கல்யாண மண்டபம் உண்டு. மறுநாள் அங்கே ஒரு காதுகுத்து. முந்நூறு பேருக்குச் சாப்பாடு. காவற்காரனைக் கூப்பிட்டு, "சமையற்கட்டுப் பக்கத்துப் பின்கதவு திறக்கிறதா?" என்று கேட்டார். பாத்திரங்கள் திருட்டுப் போனதிலிருந்து அது பூட்டியே இருக்கிறதாம். "சாவி?" சின்ன ஐயாவிடம் இருக்கலாம் என்று பதில் வந்தது. சின்ன ஐயாவைக் கேட்டால், அப்பாவிடம் அன்றே கொடுத்துவிட்டேன் என்றார்.

வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேரே மண்டபத்துக்கு விடச் சொன்னார். போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பின்கதவுக்கு முன்னால் நாற்காலிகளை உத்தரம் வரையில் அடுக்கியிருந்தது. பக்கத்தில் காஸ் சிலிண்டர்கள். பெரியவர் ஒரு சாவிக் கொத்தைக் கொண்டுவரச் செய்து பதினோரு சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. பேத்தி எங்கிருந்தோ ஒரு கடப்பாறையைத் தூக்கி வந்தாள். பூட்டு உடைந்தது, கதவு அசையவில்லை. கீலில் துரு. நாமும் தோள் கொடுத்தோம். கதவு திறந்தால், அடுத்த வீட்டுக்காரர் அதன் வெளிக் கொண்டியில் கன்றுக்குட்டியைக் கட்டி வைத்திருக்கிறார்! கன்றை அவிழ்த்து வேறிடத்தில் கட்டச் சொல்லி, வாசலுக்கு மேல் ஒரு விளக்கும் போடச் சொல்லிவிட்டுத்தான் பெரியவர் வீட்டுக்கு வந்தார். எண்பது வயதில் கதவை முட்டியதால் இரவெல்லாம் தோளுக்குத் தைலம்.

மறுநாள் காதுகுத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர், காற்றோட்டமாக இருக்கிறதென்று அந்தப் பின்வாசல் நடையிலேயே இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் ஒவ்வோர் இலைக்கும் எதிரே போய் நின்று, கையைக் கூப்பி, "வழியை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.